முதற் கன்று

“தோட்டம் துரவு” என்னும் இணைமொழி நம்மிடையே இன்றும் வழங்குகின்றது. துரவு என்பது கிணறு. தோட்டம் என்று வாய் திறந்த அளவிலேயே அதற்கு நீர் எங்கிருந்து வரும் என்னும் கவலையையும் உடன் சேர்த்துச் சொல்லிப் பழகியவர் நம் முன்னோர். எந்த மண்ணுக்கு எந்த எரு, எந்தப் பட்டத்திற்கு எந்த விதை என்பன பற்றி நூல்கள் பல வந்துள்ளன. வாய்மொழியாக வந்தவை அவற்றினும் பல. ஆயின், அதுகாறும் மண்ணைத் தொடாத ஒருவருக்குச் செடி வளர்ப்பதில் முதன்முதல் விருப்பம் எவ்வாறு உண்டாகின்றது என்னும் வினாவை எழுப்பி விடை தேடினார் சிலரே. பிறந்த ஊரை விட்டுச் சாகண் நகர்க்கும் அதன் சுற்றுப்புறத்திற்கும் வந்து குடியேறிய நமக்கு இவ்வினா வெறும் ஆராய்ச்சி வினா அன்று. நம் பிள்ளைகள் கறிவேப்பிலையை மரத்தில் கண்டதுண்டா, கடைக்காரர் கட்டித் தரும் பொட்டலத்தில் மட்டுமே கண்டிருக்கின்றனரா என்பதும் இவ்வினாவில் அடங்கும்.

அழகுணர்ச்சியே தோட்டக்கலைக்குத் தாய் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அழகைக் கண்டு மகிழ்பவர் பலகோடியர். அவருள் மண்வெட்டி எடுப்பவர் ஒரு சிலரே. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை இவ்விடத்தில் எடுத்துக்காட்டுவோர் உண்டு. அது கொடைமடத்தின் சிறப்பு, தோட்டக்கலை அன்று. வரலாற்றை உற்று நோக்கின், விருப்பம் வேறு வாயில்கள் வழியாகவே பெரும்பாலும் உள்ளே புகுந்திருக்கின்றது.

அவற்றுள் மிகப் பழைய சான்று நற்றிணையில் உள்ளது. அந்நூலின் 172-ஆம் பாட்டில் தோழி கூறும் செய்தி தமிழ் பயின்றோர் அனைவரும் அறிந்ததே. நெய்தல் நிலத்துச் சிறுமியர் வெண்மணலில் விளையாடும்போது புன்னை விதை ஒன்றை மணலில் அழுத்தி வைக்கின்றனர். பின்னர் அதனை மறந்து போகின்றனர். மறந்த விதை ஒருநாள் முளைத்துத் தலை காட்டுகின்றது. கண்ட பின்னரே நெய்யும் பாலும் வார்த்து வளர்க்கின்றனர். தாயோ, அம்மரம் உங்களினும் சிறந்தது, உங்கட்கு உடன்பிறந்தாள் ஆவாள் என்று சொல்லி வைக்கின்றாள். அதனால் அம்மர நிழலில் தலைவனோடு நகையாடுதற்கும் நாணுகின்றோம் என்பது தோழியின் கூற்று.

காதலைக் குறிப்பாக மறுத்துரைக்கும் நயத்தை உரையாசிரியர்கள் போதுமான அளவு விளக்கியுள்ளனர். நமக்கு வேண்டுவது அதன் அடியில் கிடக்கும் வேறொரு செய்தி. அச்சிறுமியர் மரம் வளர்க்க எண்ணி விதை ஊன்றினார் அல்லர். திட்டம் இல்லை, பயன் கருதுதல் இல்லை, விதையை நட்டது விளையாட்டு, அதனை மறந்தது சிறுமையர் இயல்பு. முளை கண்ட அந்நொடியிற்றான் விருப்பம் பிறக்கின்றது. விருப்பம் உண்டாகி, அதனால் செடி வளர்ந்தது என்று நாம் கருதும் வரிசையைப் பாட்டு தலைகீழாக வைக்கின்றது. செடி முதலில், விருப்பம் பின்னர். விதை ஊன்றிய குழந்தை மறுநாள் காலையிலேயே மண்ணைக் கிளறிப் பார்ப்பதையும், மூன்றாம் நாள் அதனை அறவே மறந்துவிடுவதையும், பத்தாம் நாள் பச்சை கண்டு வீடே அதிரக் கூவுவதையும் பிள்ளை பெற்றோர் யாவரும் கண்டிருப்பர். மேலும், தாயின் சொல் இன்றி அப்புன்னை வெறும் மரமாகவே நின்றிருக்கும். அதற்கு ஓர் உறவுமுறை சூட்டியவள் அவளே. நீர் வார்ப்பது கடமை என்னும் நிலை மாறிச் சுற்றம் பேணல் என்னும் நிலை வந்தது அச்சொல்லால்.

பின் வந்த காலத்தில் சமயம் மற்றொரு வாயிலைத் திறந்தது. திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் அமைத்து மாலை தொடுத்த வரலாறு நாடறிந்தது. அதனை இங்கு விரித்தல் மிகை. நாள்தோறும் மலர் வேண்டும் என்னும் கட்டாயமே நாள்தோறும் நீர் இறைக்க வைத்தது என்பதை மட்டும் குறித்து மேலே செல்வோம்.

இனி, பலரும் எதிர்பாராத ஒரு வாயில்: மருத்துவம். இந்தியாவில் இக்காலத் தாவரவியல் வேரூன்றிய வரலாற்றைப் படிப்போர், அதன் தொடக்கத்தில் நிற்போருள் பலர் மருத்துவர்களாய் இருப்பது கண்டு வியப்பர். 1768-இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோகான் கெர்கார்ட்டு கோனிக்கு அவருள் முன்னவர். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் இலின்னேயசிடம் பயின்றவர். சோழ மண்டலக் கரையில் தாம் கண்ட செடிகளைத் திரட்டி ஐரோப்பாவிற்கு அனுப்பி வந்தார். 1771-இல் இலின்னேயசு ஒரு மரத்திற்குப் பெயரிட்டபோது இம்மாணாக்கரின் பெயரை அதனோடு சேர்த்தார். அம்மரம் வேறெதுவும் அன்று, நம் கறிவேப்பிலையே. “பெர்கெரா கோனிகி” என்பது அவர் இட்ட பெயர். பின்னாளில் “முர்ராயா கோனிகி” என்றும் வழங்கிற்று. நாம் தாளித்துக் கொட்டும் இலை, தரங்கம்பாடியில் வாழ்ந்த ஒரு மருத்துவரின் பெயரை அறிவியல் உலகில் தாங்கி நிற்கின்றது என்பது அடுக்களையில் நிற்போர்க்கு ஒரு சிறு மகிழ்ச்சி தரக்கூடும்.

மருத்துவர் ஏன் தோட்டக்காரர் ஆயினர்? விடை எளியது. அக்காலத்து மருந்தில் பெரும்பகுதி வேரும் பட்டையும் இலையும் ஆகும். அவற்றை இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றிக் கொணர்தல் பெருஞ்செலவு. வந்து சேர்வதற்குள் பாதி கெட்டுவிடும். உள்ளூரில் வளர்க்கலாம் என்றால் எதை, எங்கே, எப்போது நடுவது என்பதை யாரேனும் நட்டுப் பார்த்தாக வேண்டும். இவ்வாறு தேவையால் மண்ணைத் தொட்டவர் சிலர், பின்னர் மண்ணை விட்டு மீளவே இல்லை.

இதற்கு மிகச் சிறந்த சான்று நம் வாசலிலேயே இருக்கின்றது. புணேயை அடுத்த தாபோடி இன்று பேருந்துப் பணிமனைக்கும் தொடர்வண்டி நிலையத்திற்கும் பெயர்பெற்ற ஊர். நாளும் அவ்வழிச் செல்லும் நம் அன்பர்களில் எத்தனை பேர், இந்தியத் தாவரவியல் வரலாற்றில் இடம் பெற்ற தோட்டம் ஒன்று அங்கே இருந்தது என்பதை அறிவர்? பம்பாய் மாகாண ஆளுநராக இருந்த சர் ஜான் மால்கம் 1828-இல் அவ்விடத்து மாளிகையையும் நிலத்தையும் அரசுக்காக வாங்கினார். மழைக்காலத்தில் ஆளுநர் தங்குதற்கு அது இல்லமாயிற்று. உடன் ஒரு தாவரத் தோட்டமும் தொடங்கப் பெற்றது. அதன் பொறுப்பை அடுத்தடுத்து ஏற்றவர்கள் வில்லியம்சன், லஷ், கிப்சன் என்போர். மூவரும் மருத்துவரே.

அவருள் அலெக்சாண்டர் கிப்சன் நம் கவனத்திற்கு உரியவர். 1800-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, கும்பினியின் பணியில் சேர்ந்தவர். தக்காணத்து ஊர்களில் அம்மை குத்தும் பணியை மேற்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். அவ்வாறு சுற்றியவர்க்கு மக்களின் மொழி வாய்த்தது. காடும் கழனியும் கண்ணுக்குப் பழகின. 1838-இல் தாபோடித் தோட்டத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. நிலாவரை முதலிய மருந்துச் செடிகளை வளர்த்து, மருந்தாக்கிப் படை மருத்துவமனைகளுக்கு அனுப்பினார். (திருநெல்வேலிச் சீமையில் விளைந்த நிலாவரை உலகச் சந்தையில் அவ்வூர்ப் பெயராலேயே விலைபோயிற்று என்பது நெல்லை அன்பர்கள் மறந்திருக்கக் கூடிய செய்தி.) வெளிநாட்டுப் பயிர் வகைகளின் விதைகளைத் தருவித்துப் பயிரிட்டுப் பார்த்தார். சூன்னரை அடுத்த ஹிவரே என்னும் ஊரில் கிளைத்தோட்டம் ஒன்றும் அவர் பொறுப்பில் நடந்தது. தாபோடியிலிருந்து நாராயண்காவ் நோக்கி வடக்கே செல்லும் நெடுவழியில் இடையே நிற்பது நம் சாகண். சயிஸ்தகானின் பெரும்படையை 1660-இல் ஏறத்தாழ இரண்டு திங்கள் எதிர்த்து நின்ற பிரங்கோசி நர்சாளாவின் சங்கிராமக் கோட்டையால் மட்டுமே இவ்வூரை அறிந்தோர், அதன் இருபுறத்தும் இவ்விரு தோட்டங்கள் விளங்கியமையையும் நினைவிற் கொள்ளலாம்.

1847-இல் கிப்சன் பம்பாய் மாகாணக் காடுகளின் காப்பாளராக அமர்த்தப் பெற்றார். மருந்துக்காகச் செடி தேடப் புகுந்தவர் மரத்திற்காக வாதாடும் நிலைக்கு வந்துவிட்டார். மலைச்சரிவுகளில் காடு அழிந்தால் சுனைகள் வற்றும் என்று அரசுக்கு எழுதிய முன்னோடிகளுள் அவரும் ஒருவர். 1860-இல் ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். அடுத்த ஆண்டு, டால்செல் என்பாருடன் இணைந்து அவர் ஆக்கிய பம்பாய் மாகாணத் தாவர நூல் வெளிவந்தது.

தோட்டம் நிலைக்கவில்லை. 1865-இல் தாபோடி நிலம் விற்கப் பெற்றது. ஆளுநர் மாளிகை கணேஷ்கிண்டிற்குப் பெயர்ந்தது. அம்மாளிகையே இன்று சாவித்திரிபாய் புலே புணேப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. தாபோடித் தோட்டத்தின் நினைவாக எஞ்சியவை ஓவியங்கள். 1847 முதல் 1850 வரை, போர்த்துக்கீசிய வழிவந்த இந்திய ஓவியர் ஒருவரைக் கொண்டு அங்கிருந்த செடிகளைக் கிப்சன் வரைவித்தார். ஏறத்தாழ 170 படங்கள் எடின்பரோவின் அரசத் தாவரத் தோட்டத்தில் காக்கப் பெறுகின்றன. 2002-இல் அவை குறித்து நூலும் வெளிவந்தது. இலையின் நரம்பு நரம்பாக வரைந்த அவ்வோவியரின் பெயர் பதிவாகவில்லை. நாளும் நீர் இறைத்த மாலிகளின் பெயர் பதிவாகாமை பற்றிச் சொல்லவே வேண்டா. தோட்ட வரலாறுகள் அனைத்திலும் இக்குறை உண்டு. எழுதுவோர் கையில் மண் ஒட்டியிராமையே அதற்குக் காரணம் போலும்.

மாலிகள் என்றவுடன் புணே நகரத்துப் பெரியார் ஒருவர் நினைவிற்கு வருகின்றார். மகாத்மா சோதிராவ் புலே (1827–1890) அவர்களின் குடும்பப் பெயர் முன்னர் வேறு. பேசுவாக்களின் அரண்மனைக்கு மலர் வழங்கும் தொழிலை மேற்கொண்டமையால் “புலே” என்னும் பெயர் வந்தது. மராட்டியில் “பூல்” என்றால் மலர். விதைத்தவருக்கும் பறித்தவருக்கும் விருப்பம் எப்படி வந்தது என்று கேட்டால், வயிற்றுப்பாட்டால் வந்தது என்பதே நேரிய விடை. அக்குடியிற் பிறந்தவரே 1880-களில் உழவர் படும் துயரைச் சாட்டையடியாக எழுதி நூல் செய்தார் என்பதும் எண்ணத்தக்கது.

இனி, புலம்பெயர்ந்த தமிழரின் பக்கம் வருவோம். நம் போன்றோரின் வரலாறு இங்கேதான் தொடங்குகின்றது. 1910-இல் தென்னாப்பிரிக்காவில், யோகானசுபர்க்கு நகர்க்கு ஏறத்தாழ 21 கல் தொலைவில், கட்டடக் கலைஞர் எர்மன் கலன்பாக்கு வாங்கிய 1,100 ஏக்கர் நிலத்தில் காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை நிறுவினார். ஏறத்தாழ 1,000 கனிமரங்கள் அங்கிருந்தன. அறப்போரில் சிறை புகுந்தோரின் குடும்பங்கள் தங்குதற்கு எழுந்த அப்பண்ணையில் தமிழ்க் குடும்பங்கள் பல இருந்தன. பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கப் போப்பையரின் கையேட்டை வைத்துக்கொண்டு அடிகள் தாமே முயன்றார். அடுக்களை வேலை இல்லாதார் அனைவரும் முதியோர் இளையோர் வேறுபாடின்றி நாள்தோறும் சிறிது நேரம் தோட்டத்தில் உழைத்தல் வேண்டும் என்பது அங்கு விதி. குழி தோண்டலும் மரம் வெட்டலும் சுமை தூக்கலும் பெரிதும் சிறுவர் பங்காயின. சில வேளை அவர்கள் ஏய்த்துத் திரிந்ததையும், ஆயினும் பொதுவாக அவ்வேலையில் மகிழ்ந்ததையும் அடிகள் தம் வரலாற்றில் மறையாது எழுதியுள்ளார். இதுவே என் உள்ளத்தைக் கவர்ந்த பகுதி. விருப்பம் இருந்து அவர்கள் வேலை செய்யவில்லை, கட்டளையால் செய்தனர், செய்யச் செய்ய விருப்பம் வந்தது. கலன்பாக்கும் உடன் நின்று தோண்டினார் என்பது அதற்கு உரமாயிற்று. பிள்ளைகளைத் தோட்டத்திற்கு ஏவிவிட்டுத் தாம் சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கும் தந்தையர் இதனை ஒருமுறை படித்தல் நலம்.

ஒப்பந்தக் கூலிகளாக இந்துமாக் கடல் தீவுகளுக்குச் சென்ற தமிழர் வேறொரு சான்றை விட்டுச் சென்றுள்ளனர். ரெயூனியன் தீவில் இன்று பெரும்பாலார்க்குத் தமிழ் பேச வாராது. பிரெஞ்சும் கிரியோலும் பேசுகின்றனர். ஆனால் அத்தீவின் கிரியோல் மொழியில் கறிவேப்பிலைக்குப் பெயர் “கலுபிலே”. மொழி போயிற்று, செடி நின்றது, செடியைப் பற்றிக்கொண்டு அந்த ஒரு சொல்லும் நின்றது. மலேயாவிலும் இலங்கையிலும் தோட்டத் தொழிலாளரின் லயங்களை ஒட்டி முருங்கையும் கீரையும் கறிவேப்பிலையும் எழுந்தமையும் இவ்வகையினதே. பிறர்க்குரிய தேயிலையையும் இரப்பரையும் பகல் முழுதும் பேணியவர், மாலையில் தமக்கென்று ஒரு முருங்கைப் போத்தை ஊன்றினார். பகலெல்லாம் செடியோடு உழன்றவருக்கு மாலையிலும் செடி வேண்டியிருந்தது என்றால், அஃது அழகு தேடிய செயலாகாது. குழம்பில் இட ஒரு பிடி இலை வேண்டும். அவ்விலை இவ்வூர்ச் சந்தையில் இல்லை. அவ்வளவே.

சாகணுக்குத் தமிழர் பெருவாரியாக வந்தது அண்மையில். முன்னாளில் வெங்காயச் சந்தைக்குப் பெயர்பெற்ற இவ்வூர், மராட்டியத் தொழில் வளர்ச்சிக் கழகம் நிலம் எடுத்த பின்னர் ஆலை நகராயிற்று. 1999-இல் பசாசு இருசக்கர வண்டி ஆலை இயங்கத் தொடங்கிற்று. 2009-இல் போக்சுவாகன் ஆலை எழுந்தது. உதிரி உறுப்பு செய்யும் பட்டறைகள் அவற்றைச் சூழ்ந்தன. வெங்காயம் விளைந்த நிலத்தின்மேல் நம் குடியிருப்புகள் நிற்கின்றன என்பதை நாம் மறத்தல் ஆகாது. நிலத்தை விற்ற குடும்பத்து மூதாட்டியர் சிலர், எஞ்சிய மனைக்கொல்லையில் இன்றும் வெந்தயக் கீரை விதைப்பதைக் காணலாம். விருப்பம் எவ்வாறு தோன்றுகின்றது என்று ஆராயும் நாம், அது எவ்வாறு எஞ்சுகின்றது என்பதையும் அவர்களிடம் காண்கின்றோம்.

இங்கு வரும் தமிழ்க் குடும்பத்தின் முதற் கன்று பெரும்பாலும் கறிவேப்பிலையே. கடையில் கிடைக்காமலில்லை, “கடிபத்தா” என்னும் பெயரோடு எல்லாக் காய்கறிக் கடையிலும் உண்டு. முருங்கைக்காயும் “சேவ்கா” என்னும் பெயரால் விற்கும்; நம் பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய வகையை இம்மாநில உழவர் பலர் பயிரிடுகின்றனர் என்பது நாம் பெருமை கொள்ளும் செய்தி. ஆகவே இரெயூனியன் தமிழரின் தேவை நமக்கு இல்லை. இருந்தும் வண்ணக்குழம்பு வந்த பழைய வாளியில் மண் நிரப்பி மாடத்தில் ஒரு கன்று வைக்கப்படுகின்றது. வாளிக்குக் காது உண்டு. மாற்றல் வந்தால் தூக்கிச் செல்லலாம். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடிக்கவே இசைவு கேட்க வேண்டும். தரையில் மரம் நட யார் துணிவர்?

இத்தயக்கம் இயற்கையே. ஆயின் மேலே கண்ட வரலாற்றை மீண்டும் நோக்குக. புன்னை வளர்த்த நெய்தற் சிறுமி மணம் புரிந்து அம்மரத்தை விட்டுப் பிரியப் போகின்றவள். கிப்சன் கப்பலேறிவிட்டார். டால்ஸ்டாய் பண்ணையில் குழி தோண்டிய தமிழ்ச் சிறுவர் அம்மரங்களின் கனிகளை நெடுங்காலம் உண்டாரல்லர். பண்ணை 1913-க்கு மேல் நிலைக்கவில்லை. நட்டவர் எவரும் அங்கே தங்கவில்லை. தங்குவோர் மட்டுமே நடுதல் வேண்டும் என்றிருந்தால் இவ்வரலாற்றில் பாதி நிகழ்ந்திராது.

குடியிருப்புச் சங்கத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு முழ நிலம் எங்கும் உண்டு. கேட்டால் தரவும் செய்வர். துளசி மாடத்தை நாளும் வலம் வரும் மராட்டிய அண்டை வீட்டார்க்குச் செடி நடுவோர்மேல் தனி அன்பு உண்டு. ஆனால் நட முனைவோர் சிலவற்றை அறிந்திருத்தல் நன்று. நம் நாட்டு அட்டவணை இங்குச் செல்லாது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் பழக்கத்தில் இங்கு ஆடியில் விதைத்தால், தென்மேற்குப் பருவ மழையின் கடுமையில் விதை அழுகும். ஐப்பசி மழையை எதிர்பார்த்திருந்தால் அது வாராது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 600 மீட்டர் உயர்ந்த இப்பகுதியில் மார்கழி, தைத் திங்களில் குளிர் மிகும்போது கறிவேப்பிலை தளிர்ப்பதை நிறுத்தி இலை பழுத்து நிற்கும். செடி செத்தது என்று பிடுங்கி எறிந்தோர் பலர். செடி சாகவில்லை, உறங்குகின்றது. அப்போது நீரைக் குறைத்துப் பங்குனி வரை பொறுத்தல் வேண்டும்.

ஊரிலிருந்து காய்ந்த விதையை முடிந்து கொணர்வதும் பயன் தராது. கறிவேப்பிலை விதை பழுத்த சில வாரங்களிலேயே முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். ஆனால் வேரூன்றி நின்ற மரம் தன்னைச் சுற்றிப் பக்கக் கன்றுகளை வேரிலிருந்தே எழுப்பும். வாளியில் அடைபட்ட செடிக்கு அதற்கு இடம் போதாது. சாகணைச் சுற்றிய பழைய வீடுகளின் கொல்லைகளில் அத்தகைய மரங்கள் உள்ளன. கேட்டுப் பெறும் கன்றைத் தாய்வேரில் ஒரு துண்டும் தாய்மண்ணும் சேர எடுத்து, ஆனியில் முதல் மழை விழுந்து மண் குளிர்ந்த வாரத்தில், மாலைப் பொழுதில் நடுதல் வேண்டும். குழியைப் பிள்ளைகளே தோண்டட்டும்.